பேருக்கு நடுவுல ஒரு கோடு

ஒரு வாரமா ஒரே எரிச்சல். எழுதித் தீத்துட்டாவது தூக்கம் வருதான்னு பாக்குறேன்.

விஷயம் இதுதான். நாங்க ஒரு பில் போடுற சிஸ்டத்த கவனிச்சுக்கிறோம். (கம்பெனி பேரு வேணாம். ஆபீசு கோலாலம்பூர்ல, நான் ஈப்போவுல, நடுவுல ஒரு லேப்டாப். அவ்வளவு தெரிஞ்சா போதும்.) போன மாசம் கொஞ்சப் பேருக்கு மட்டும் பில்லு போகல. போகலன்னு எங்களுக்கே தெரியல. பில்லு வரலன்னு யாராச்சும் போன் பண்ணிக் கேப்பாங்களா? கம்முன்னு இருந்துருவாங்க. ஆனா பில்லு போகலன்னாலும், காசு கட்டலன்னு அபராதக் கடிதம் மட்டும் டான்னு போயிருக்கு.

அப்புறம்தான் போன் அடிக்க ஆரம்பிச்சுது.

புந்தோங்ல இருந்து ஒரு அக்கா எங்க கஸ்டமர் சர்வீஸ் பொண்ண வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. "பக்கத்து வீட்டுச் சீனருக்கு வந்துருச்சு. எதுத்த வீட்டு மலாய்க்காரருக்கு வந்துருச்சு. எங்களுக்கு மட்டும் வரல. என்னா கதை இது?"

அக்கா கோவத்துலதான் கேட்டாங்க. ஆனா மொத்த விசாரணையிலயும் அதவிட உருப்படியான துப்பு எங்களுக்குக் கிடைக்கல. பில்லு போகாதவங்க லிஸ்ட எடுத்துப் பாத்தா, எல்லாரும் நம்மாளுங்க. ஒருத்தர் விடாம.

முனியாண்டி ஏ/எல் சின்னசாமி.
லெட்சுமி ஏ/பி கோவிந்தன்.

புரிஞ்சுதா? அந்தச் சாய்கோடுதான்.

(வெளிநாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு: மலேசியாவுல நம்ம ஐ.சி.யில, அதாவது அடையாள அட்டையில, பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல ஏ/எல் இல்லன்னா ஏ/பி இருக்கும். இன்னாரோட மகன், இன்னாரோட மகள். இந்தக் கோட்டால நாங்க படுற பாட்டுக்குத் தனிப் பதிவு போடலாம். பிளேன் டிக்கெட்ல கோடு காணாமப் போயி ஏஎல் மட்டும் பேரோட ஒட்டிக்கிட்டு நிக்கும். வெளியூர் ஓட்டல்ல "வெல்கம் மிஸ்டர் ஏஎல்"னு கூப்புடுவான். திரும்பிப் பாக்கணும்.)

கோடு அங்க என்ன பண்ணுச்சு? பில்லோட பிடிஎஃப்ப சேமிக்கறப்போ, கஸ்டமர் பேரையே ஃபைலுக்கும் பேரா வச்சிருக்காங்க. லினக்ஸ் சர்வர்ல ஃபைல் பேர்ல ஏறக்குறைய என்ன வேணா போடலாம். இடைவெளி போடலாம், தமிழ்ல எழுதலாம், சிரிக்கிற மூஞ்சி கூடப் போடலாம். சாய்கோடு ஆகாது. அது வந்துட்டா, "ஓஹோ, 'முனியாண்டி ஏ'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுக்குள்ள 'எல் சின்னசாமி'ன்னு ஒரு ஃபைல வைக்கச் சொல்றாங்க"ன்னு சர்வர் எடுத்துக்கும். அப்படி ஒரு ஃபோல்டர் இல்ல. எரர். அந்த எரர கோட் பிடிச்சு, யாரும் திறந்தே பாக்காத ஒரு லாக் ஃபைல்ல ஒரு வரி எழுதிட்டு, அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு.

அந்தக் கோட் முதல்ல ஆஸ்திரேலியா கஸ்டமர் ஒருத்தருக்காக எழுதுனது. அங்க வருஷக்கணக்கா ஒரு குத்தமும் இல்லாம ஓடிக்கிட்டு இருக்கு. நல்ல கோட்தானேன்னு எடுத்து இங்க வச்சாங்க.

இது வரைக்கும் எனக்கு எரிச்சல் இல்ல. பக் வரும், போகும். எரிச்சல் வந்தது மீட்டிங்ல. முக்கால் மணி நேரம். அதுல ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப.

"யாரு எழுதுனது?"

கிட்ல (கோட் மாத்துன கணக்கெல்லாம் இருக்குற எடம்) போய்ப் பாத்தா எழுதுன ஆள் வேலைய விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. சரி, அவன விட்டாச்சு. "அப்போ இங்க கொண்டாந்து வச்சது யாரு?" அது எங்க டீம்ல புதுசா சேந்த பையன். திரங்கானுல இருந்து வந்தவன், கெட்டிக்காரன், மரியாதையானவன். திரையில அத்தனை சதுரத்துலயும் கண்ணு அவன் சதுரத்துக்குப் போனத நான் பாத்தேன். அவன் மைக்க ஆன் பண்ணி 'சாரி' சொன்னான். பாஸ் தலையாட்டுனாரு. மீட்டிங் முடிஞ்சுது.

என்ன முடிஞ்சுது? டெஸ்ட்ல ஏன் மாட்டல? எரர் ஏன் யாரு கண்ணுலயும் படல? வேற எங்கெல்லாம் இதே கதை இருக்கு? ஒண்ணும் கேக்கல. ஒரு ஆள் கிடைச்சான், கேஸ் குளோஸ்.

அன்னைக்கு ராத்திரி கோவத்துல நான் பழைய ஏரியான் 5 விபத்து அறிக்கைய எடுத்து மறுபடி படிச்சேன். (சில பேரு கோவம் வந்தா சாமிப் பாட்டு கேப்பாங்க. நான் ராக்கெட் விபத்து அறிக்கை படிப்பேன். வீட்டுல பழகிட்டாங்க.)

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவுல ஃபிரெஞ்சு கயானாவோட குரூ ஏவுதளம். ஐரோப்பாவோட புத்தம் புது ராக்கெட், ஏரியான் 5, முதல் தடவை பறக்குது. உள்ள கிளஸ்டர்னு நாலு ஆராய்ச்சிச் செயற்கைக்கோள். மேல கிளம்பி ஒரு நிமிஷம் கூட ஆகல. நாப்பது செகண்டுக்குள்ள ராக்கெட் தல திரும்பி, காத்தோட வேகம் தாங்காம பிஞ்சு, தானே வெடிச்சுப் போச்சு.

காரணம் என்ன தெரியுமா? எங்க கதையேதான்.

ராக்கெட் எந்தப் பக்கம் சாயுது, எவ்வளவு வேகத்துல போகுதுன்னு கணக்குப் பாக்குற கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்துச்சு. அதோட கோட் ஏரியான் 4ல இருந்து எடுத்தது. ஏரியான் 4ல ஒழுங்கா ஓடுன கோட். அதுல ஒரு எடத்துல, பக்கவாட்டு வேகத்தோட சம்பந்தப்பட்ட ஒரு பெரிய நம்பர (64 பிட்) ஒரு சின்ன டப்பாவுக்குள்ள (16 பிட்) போடணும். அந்த டப்பாவுல 32,767க்கு மேல போகாது. ஏரியான் 4 போற பாதையில அந்த நம்பர் அவ்வளவு பெருசா வரவே வராது. ஏரியான் 5 கிளம்புனதுமே வேற மாதிரிச் சாஞ்சு வேகமெடுக்குற ராக்கெட். நம்பர் டப்பாவத் தாண்டிருச்சு. எரர்.

எரர் வந்தா என்ன செய்யணும்னு எழுதி வச்சிருந்தாங்க: கம்ப்யூட்டர நிறுத்திடு, ஸ்பேர் கம்ப்யூட்டர் பாத்துக்கும். ஸ்பேர் கம்ப்யூட்டர்ல என்ன கோட்? அதே கோட். அது முன்னாடியே அதே எரர்ல படுத்திருச்சு. ரெண்டும் போனதுக்கப்புறம், "எனக்கு இன்ன கோளாறு"ன்னு அது அனுப்புன குறிப்ப, ராக்கெட்ட ஓட்டுற கம்ப்யூட்டர் பறக்குற கணக்குன்னு நெனச்சுக்கிட்டு எஞ்சின் குழாய ஒரேயடியா ஒரு பக்கம் திருப்பிருச்சு.

இன்னும் ஒரு கொடுமை இருக்கு. அந்தக் கணக்கு தரையில நிக்கறப்போதான் தேவை. ஏரியான் 4ல கடைசி நேரத்துல கவுன்ட்டவுன் நின்னு போச்சுன்னா சீக்கிரமா மறுபடி ஆரம்பிக்கறதுக்காக, கிளம்பினதுக்கு அப்புறமும் நாப்பது செகண்டு வரை ஓட விட்டிருந்தாங்க. ஏரியான் 5க்கு அது தேவையே இல்ல. சும்மா ஓடிக்கிட்டு இருந்த ஒரு கணக்கு ராக்கெட்டையே கொண்டு போயிருச்சு.

நான் சொல்ல வந்தது இது இல்ல. சொல்ல வந்தது அந்த அறிக்கை.

ஜாக்-லூயி லியோன்ஸ்னு ஒரு கணித மேதை. அவரு தலைமையில குழு போட்டாங்க. ஜூலை 19ஆம் தேதி அறிக்கை வெளிய வந்துருச்சு. ஆறரை வாரம்தான். யாரு வேணா படிக்கலாம். அதுல அந்த வரிய எழுதுன ஆளோட பேரு இல்ல. ஆபத்தா இருந்த ஏழு மாறிகள்ல நாலுக்கு மட்டும் பாதுகாப்புப் போட்டு மூணுக்கு ஏன் போடலன்னு இருக்கு (கம்ப்யூட்டர் வேலைப்பளு 80 சதவீதத்தத் தாண்டக்கூடாதுன்னு ஒரு வரம்பு, அதனால). கோளாறுன்னாலே ஏதோ ஒரு பாகம் தற்செயலா பழுதாகறதுதான்னு எல்லாரும் நெனச்சிருந்தாங்க, சாஃப்ட்வேர் தப்பா இருந்தா ஸ்பேரும் சேந்து தப்பா இருக்கும்னு யாரும் நெனைக்கலன்னு இருக்கு. ஏரியான் 5ஓட உண்மையான பாதைய வச்சு அந்தக் கம்ப்யூட்டர டெஸ்டே பண்ணலன்னு இருக்கு.

ஒரு ராக்கெட், நாலு செயற்கைக்கோள், பத்து வருஷ உழைப்பு வெடிச்சுச் சிதறுனதுக்கு அப்புறமும் "யாரு"ன்னு தேடல. "எப்படி"ன்னுதான் தேடியிருக்காங்க. எங்களுக்குப் போனது சில நூறு பில்லு. முக்கால் மணி நேரம் "யாரு".

இந்த ஏரியான் 4க்கும் நமக்கும் ஒரு ஒட்டு உறவு இருக்கு. 1996 ஜனவரியில, அதாவது அந்த விபத்துக்கு அஞ்சு மாசம் முன்னாடி, மலேசியாவோட முதல் செயற்கைக்கோள் மியாசாட்-1ஐ மேல கொண்டு போனது அதே குரூவுல இருந்து கிளம்புன ஏரியான் 4தான். ஆனந்த கிருஷ்ணனோட கம்பெனி. அத வச்சு அதே வருஷம் ஆஸ்ட்ரோ டிவி வந்துச்சு. நான் அப்போ சுங்கை சிப்புட் பக்கத்துல தோட்டத்துல ஸ்கூல் பையன். லயன் வீட்டுத் தகரக் கூரை மேல ஒவ்வொண்ணா டிஷ் முளைச்சது கண்ணு முன்னாடி இருக்கு. வானவில் சேனல் ஓடுற வீட்டுல சாயங்காலம் கூட்டமா உக்காந்திருப்போம். டிஷ் ஏன் வானத்தப் பாத்து மல்லாந்து கிடக்குன்னு அப்போ புரியல. செயற்கைக்கோள் அப்போ பூமத்திய ரேகைக்கு மேல, கிழக்கு 91.5 டிகிரியில நின்னுச்சு. நம்ம பேராக்ல இருந்து பாத்தா ஏறக்குறைய தல உச்சி, ஒரு 77 டிகிரி. மழை வந்தா படம் போறதும் அதனோட அலைவரிசையாலதான். அலையோட நீளமே ரெண்டு மூணு சென்டிமீட்டர், கனத்த மழை அத உறிஞ்சிக் குடிச்சிரும். தைப்பிங்ல ஆஸ்ட்ரோ வச்சிருந்த எங்க மாமா பாவம், கிரிக்கெட்ட முழுசா பாத்ததே இல்ல.

ஆக, எங்க தோட்டத்துல சூப்பர் ஸ்டார் படம் தெரிஞ்சதுக்குக் காரணமான ராக்கெட்டோட கோட்தான் அஞ்சு மாசத்துல இன்னொரு ராக்கெட்ட வெடிக்க வச்சது. கோட் ஏறக்குறைய அப்படியேதான் இருந்துச்சு. மாறுனது இடம்.

இன்னொரு மலேசியக் கதையும் இருக்கு. இத நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாது. ஸ்பேஸ்எக்ஸ்ங்கற கம்பெனி முதன்முதலா ஒரு கஸ்டமரோட செயற்கைக்கோள ஒழுங்கா மேல கொண்டு போய் விட்டுச்சே, அது யாரோடது? நம்மளோடது. ரசாக்சாட். 2009 ஜூலை 14, பசிபிக் கடல்ல ஒமெலெக்ங்கற ஒரு குட்டித் தீவுல இருந்து. ஃபால்கன் 1 ராக்கெட்டோட அஞ்சாவது பயணம்.

அதுக்கு முன்னாடி முதல் மூணு பயணமும் ஊத்திக்கிச்சு. அந்த மூணாவதுதான் எனக்குப் புடிச்ச பக். 2008 ஆகஸ்ட். கீழ் அடுக்கு எரிஞ்சு முடிஞ்சு, மேல் அடுக்கு பிரிஞ்சு போகணும். எஞ்சின நிறுத்தியாச்சு. ஆனா புது மாதிரி எஞ்சின், நிறுத்துனதுக்கு அப்புறமும் கொஞ்சம் தள்ளு விசை மிச்சம் இருந்துருக்கு. பிரிஞ்ச கீழ் அடுக்கு பின்னாலயே வந்து மேல் அடுக்க இடிச்சிருச்சு. தரையில டெஸ்ட் பண்ணப்போ காத்தழுத்தத்துல அந்தச் சின்ன விசை தெரியவே இல்ல. மேல காத்து இல்லாத இடத்துல தெரிஞ்சுருச்சு.

மருந்து? எஞ்சின் நிறுத்துறதுக்கும் அடுக்கு பிரியறதுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய இன்னும் சில செகண்டு கூட்டுனாங்க. ஒரு நம்பர். எட்டு வாரத்துல நாலாவது ராக்கெட் கிளம்பி ஒழுங்கா சுத்துப்பாதைக்குப் போச்சு. அதுக்கு அடுத்ததுல நம்ம ரசாக்சாட். காசு கரைஞ்சுக்கிட்டு இருந்த கம்பெனி, மூணு தடவை அடி வாங்கியிருக்கு. அந்த எட்டு வாரத்த "யாரு"ன்னு தேடறதுல செலவு பண்ணியிருந்தா?

(ரசாக்சாட் ஏறக்குறைய ஒரே வருஷத்துல பழுதாப் போச்சு. அந்த வருத்தம் வேற. ராக்கெட் மேல குத்தம் இல்ல.)

சரி, வீட்டுக்கு வருவோம். அம்மா என் கூடத்தான் இருக்காங்க. என் மூஞ்சியப் பாத்துட்டு, "ஏன்யா, திட்டுனாங்களா?"ன்னு கேட்டாங்க. நான் கதையச் சொன்னேன். ஏ/எல் கோட்டுக் கதையக் கேட்டுச் சிரிச்சாங்க. கிட்ல ஒவ்வொரு வரிக்கும் யாரு எழுதுனதுன்னு பேரு இருக்கும்னு சொன்னதும் சிரிப்ப நிறுத்திட்டாங்க.

"அது எங்க மரத்துல பட்ட காயம் மாதிரிதான்"னாங்க.

அம்மா ரொம்ப வருஷம் பால்மரம் (ரப்பர் மரம்தான்) வெட்டுனவங்க. செம்பனை வந்து தோட்டத்தையே முழுங்குற வரைக்கும். சின்ன வயசுல லீவு நாள்ல கூடப் போயிருக்கேன். விடியறதுக்கு முன்னாடியே பெரட்டு. பேரு கூப்பிட்டு முடிஞ்சதும் நெத்தியில விளக்கக் கட்டிக்கிட்டு அவங்கவங்க நிரைக்கு. வெயில் ஏறிட்டா பால் சரியா இறங்காது, அதான் அந்த அவசரம். மரத்துக்கு முன்னாடி நின்னு, முந்தின வெட்டுல காஞ்சு ஒட்டியிருக்குற பால உரிச்சுப் போட்டுட்டு, இடது பக்கம் மேல இருந்து வலது பக்கம் கீழ சாய்வா கத்திய இழுப்பாங்க. ஒரு மில்லிமீட்டர், ஒண்ணரை மில்லிமீட்டர் தடிப்புக்குப் பட்டை சுருண்டு விழும். ஆழமும் முக்கியம். பால் நரம்பெல்லாம் உள் தோல ஒட்டித்தான் ஜாஸ்தி. மேலாப்புல வெட்டுனா பால் வராது. ஒரு மயிரிழை உள்ள போனா மரத்தோட உயிர்த்தோல்ல பட்டுரும். அதுதான் காயம். அந்த எடத்துல பட்டை திரும்ப வளர்றப்போ முண்டும் முடிச்சுமா வளரும். வருஷங்கழிச்சு அதே பக்கம் வெட்ட வர்றப்போ கத்தி வழுக்கும்.

"நிரை யாருதுன்னு பேர்ல இருக்கும்ல. எங்கள மேய்க்கிற தண்டல் வருவாரு, காயத்தப் பாப்பாரு, பேரச் சொல்லிக் கத்துவாரு. அவ்வளவுதான். கத்தி மழுங்கிப் போச்சா, விளக்கு மங்கலா இருந்துச்சா, முந்தின நாள் மழையில வெட்டு நின்னு போயி மறுநாள் ஓட்டமா ஓடுனோமா, அதெல்லாம் ஒரு நாளும் கேட்டதில்ல."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

அம்மா கொஞ்சம் யோசிச்சுட்டு, "மண்ணக் கொழைச்சுப் பூசிடுவோம்"னாங்க.

நான் அப்படியே உக்காந்துட்டேன். ஏன்னா அந்த லாக் ஃபைல். எரர பிடிச்சு, யாரும் பாக்காத எடத்துல ஒரு வரி எழுதிட்டு, அடுத்த ஆளுக்குப் போன அந்தக் கோட். அத எழுதுனவனும் மண்ணத்தானே பூசியிருக்கான்? எரர் வெளிய தெரிஞ்சா "யாரு"ன்னு கேப்பாங்கன்னு தெரிஞ்ச எவனும் எரர வெளிய காட்ட மாட்டான். கத்திக் கத்தி நாமளே பழக்கிக் குடுத்த வித்தை அது.

இஸ்ரோவோட சந்திரயான் கதையில எனக்குப் புடிச்சதே, அங்க மண்ணப் பூசாததுதான். 2019 செப்டம்பர்ல சந்திரயான்-2ஓட லேண்டர் நிலாவுல இறங்கறப்போ விழுந்துச்சு. அன்னைக்கு டிவியில அழுகை, கட்டிப்பிடிப்பு எல்லாம் பாத்தோம். அதுக்கப்புறம் ஏன் விழுந்துச்சுன்னு, பின்னால இஸ்ரோ தலைவரான சோம்நாத் வெளிப்படையாவே விளக்குனாரு: அஞ்சு எஞ்சினும் எதிர்பாத்தத விட கூடுதலா தள்ளிருச்சு, தப்பு சேந்துக்கிட்டே போச்சு, சரி பண்ண வேகமா திரும்ப வேண்டியிருந்துச்சு, ஆனா அவ்வளவு வேகமா திரும்ப சாஃப்ட்வேர் விடல. இறங்க வேண்டிய இடமும் ரொம்பச் சின்னது, 500 மீட்டருக்கு 500 மீட்டர். அடுத்த தடவை, சந்திரயான்-3ல, அத 4 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர்னு பெருசாக்குனாங்க. காலத் தடியாக்குனாங்க. எரிபொருள் கூட்டுனாங்க. நடு எஞ்சினையே எடுத்துட்டாங்க. எல்லாம் ஒழுங்கா நடந்தா எப்படி இறங்கும்னு யோசிக்காம, இது போச்சுன்னா, அது போச்சுன்னா எப்படி இறங்கும்னு யோசிச்சு வடிவமைச்சாங்க.

விழுப்புரத்துக்காரரு வீரமுத்துவேல் அந்தத் திட்டத்துக்கு இயக்குநர். ரயில்வே டெக்னீஷியனோட மகன், டிப்ளமால ஆரம்பிச்சு மேல வந்தவரு. 2023 ஆகஸ்ட் 23, நம்ம நேரம் ராத்திரி எட்டரை மணி. ஒட்டுக்கடையில தே தாரேக் ஆறிப் போனது தெரியாம போனையே பாத்துக்கிட்டு நின்னோம். இறங்குனதும் பக்கத்து மேசையில இருந்த சீன அங்கிளும் சேந்து கை தட்டுனாரு. எதுக்குன்னு தெரியாமலேயே!

நம்ம நாட்டு விண்வெளி வீரர் ஷேக் முஸாபாரும் 'இது போச்சுன்னா'ங்கற அப்படி ஒரு யோசனையாலதான் பத்திரமா வீடு வந்தாரு. 11,000 பேருக்கு மேல விண்ணப்பிச்சு, கடைசி நாலு பேர்ல நம்ம வனஜாவும் இருந்தாங்களே, அந்த அங்காசாவான் திட்டம். 2007 அக்டோபர் 21ஆம் தேதி அவரு திரும்பி வர்றப்போ சோயுஸ் கலத்துல ஒரு கேபிள் பழுது. பக்குவமா இறக்குற கட்டுப்பாடு போயிருச்சு. உடனே கலம் எந்தக் கெட்டிக்காரத்தனமும் தேவைப்படாத ஒரு முறைக்கு மாறிருச்சு: தன்னைத்தானே சுத்திக்கிட்டு கல்லு மாதிரி நேரா விழறது. உடம்புல எட்டு மடங்குக்கு மேல பாரம். இறங்க வேண்டிய எடத்துக்கு 300 கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போய் விழுந்தாங்க. மூணு பேரும் நல்லபடியா வெளிய வந்தாங்க. கம்ப்யூட்டர் கைய விரிச்சிட்டா என்ன செய்யறதுன்னு பல வருஷம் முன்னாடியே ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்காரு.

எங்க சிஸ்டம் கைய விரிச்சா என்ன ஆகும்? அபராதக் கடிதம் போகும்.

இப்படியெல்லாம் புலம்பிட்டு சும்மா இருந்தா எப்படி? நானும் ஒரு அறிக்கை எழுதறேன்னு உக்காந்தேன். லியோன்ஸ் மாதிரி.

முதல்ல பேர எடுத்துட்டு "ஒரு டெவலப்பர்"னு போட்டேன். யாருன்னு எல்லாருக்கும் தெரியும், பேரப் போட்டதவிட மோசமா இருந்துச்சு. அழிச்சேன். அப்புறம் "மாற்றம் செய்யப்பட்டது", "கவனிக்கப்படாமல் விடப்பட்டது"ன்னு எழுதிப் பாத்தேன். அரசாங்கக் கெசட் மாதிரி இருந்துச்சு. நானே ரெண்டாவது பத்தியில தூங்கிட்டேன். அதையும் அழிச்சேன்.

கடைசியா ஆளையே தூக்கிட்டு, கோட்டையே கதாநாயகன் ஆக்குனேன். கோட் கோட்டப் பாத்துச்சு. (இந்த வாக்கியத்த எழுதுனப்போ எனக்கே சிரிப்பு வந்துருச்சு.) ஃபோல்டர்னு நெனச்சுது. தேடுச்சு. கிடைக்கல. ஒரு வரி எழுதிட்டு நகந்துருச்சு. அந்த வரிய ஏன் யாரும் படிக்கல? ஏன்னா அந்த லாக்ல நாளுக்குப் பல்லாயிரம் வரி விழுது, எல்லாத்துக்கும் ஒரே கலர். டெஸ்ட்ல ஏன் வரல? ஏன்னா டெஸ்ட்ல இருக்குற கஸ்டமர் எல்லாம் ஜான் ஸ்மித், மேரி பிரவுன். ஜான் ஸ்மித் ஏ/எல் யாருமே இல்ல.

இதுவரைக்கும் எழுதுனதும் கை தானா ஓடிச்சு. அப்போ வேற என்ன மாதிரி ஆளுங்க டெஸ்ட்ல இல்ல? இன்னொரு பேர '@' போட்டு ஐ.சி.யில வச்சிருக்குற சீனர் இல்ல. ஒத்தப் பேரு மட்டும் உள்ளவங்க இல்ல. 2000க்கு அப்புறம் பொறந்த புள்ளைங்களே இல்ல! நம்ம ஐ.சி. நம்பர் பொறந்த வருஷத்துல ஆரம்பிக்கும். 2003ல பொறந்த புள்ளைக்கு 03. அத நம்பரா சேமிச்சா முன்னாடி இருக்குற சைபர் ஓடிப் போயிரும், பன்னண்டு இலக்கம் பதினொண்ணு ஆயிரும். தேடிப் பாத்தேன். ரெண்டு எடத்துல அப்படித்தான் இருந்துச்சு. (நடுவுல வர்ற 08க்கு ஆபத்து இல்ல. பேராக்ல பொறந்தவங்களோட அடையாளம் அது, பத்திரமா இருக்கு.)

அந்தத் திரங்கானு பையன்கிட்ட முதல்ல காட்டுனேன். படிச்சு முடிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அபாங், இதே மாதிரி இன்னொரு எடமும் இருக்கு, நான் பாத்திருக்கேன்"னான். முன்னாடியே பாத்திருக்கான்! சொல்லல. ஏன் சொல்லலன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியாதா?

பாஸுக்கு அனுப்புனேன். பதில் உடனே வந்துச்சு: "ரொம்ப நல்லாருக்கு, எல்லா டீமுக்கும் அனுப்பு. ஆனா யாரு எழுதுனதுன்னு ஒரு வரி சேத்துரு."

லா!

நான் சேக்கல. அவரும் அப்புறம் கேக்கல. (மறந்துட்டாரா, விட்டுட்டாரான்னு தெரியல.)

ஆனா "யாரு"ங்கற கேள்விய அடியோட தூக்கிப் போடணும்னும் நான் சொல்லல. 1986 ஜனவரி 28, அமெரிக்காவோட சேலஞ்சர் விண்கலம். முந்தின ராத்திரி பூஸ்டர் செஞ்ச கம்பெனியோட இஞ்சினியருங்க, ரோஜர் போஜொலே மாதிரி ஆளுங்க, இந்தக் குளிர்ல ரப்பர் வளையம் வேலை செய்யாது, கிளப்பாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. மேல இருந்தவங்க தனியா ஒதுங்கிப் பேசி முடிவ மாத்துனாங்க. 73 செகண்டு. ஏழு உயிர். அங்க "எப்படி"ன்னு மட்டும் கேட்டுட்டு, "எல்லாம் ரப்பர் செஞ்ச வேலை"ன்னு அறிக்கைய மூடியிருந்தா எவ்வளவு பெரிய அநியாயம்? (ரப்பருக்குக் குளிர்ல விறைக்கிற குணம். பால்மரத்து ரப்பரோ கெமிக்கல் ரப்பரோ, அது தன் குணத்தக் காட்டுச்சு, அவ்வளவுதான்.) வரி எழுதுனவன், கத்தி புடிச்சவன் பக்கம் இந்தக் கேள்விய திருப்பினா ஒண்ணும் கிடைக்காது. முடிவெடுக்குறவங்க பக்கம் திருப்பணும். நம்ம ஊர்ல எப்பவும் தலகீழா நடக்குது. தண்டலுக்குத் தொரையக் கேக்க தைரியம் இல்ல, அதனால அம்மாவக் கேட்டாரு.

எழுதி முடிக்கிற நேரத்துல குரூப்ல ஒரு மெசேஜ். டேட்டாபேஸ் முழுசையும் புது சர்வருக்கு மாத்தப் போறாங்களாம். என்னைக்கு? வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணி. மறுநாள் பொது விடுமுறை, பாதிப் பேரு கம்பத்துக்குப் போயிருப்பாங்க.

யாரு முடிவு பண்ணதுன்னு கேட்டிருக்கேன். ரெண்டு நீல டிக் விழுந்துருச்சு.